பெரிய உடம்பு, மிரண்ட மனம்: காப்பக நாயை வீட்டுக்கு அழைப்பதற்கு முன் நான்கு வழிகளின் ஒப்பீடு

30 கிலோவுக்கு மேல் எடையும், ஆள் அருகே வந்தால் கொட்டிலின் பின்சுவரோடு ஒட்டிக்கொள்ளும் சுபாவமும் உள்ள ஒரு நாயைக் காப்பகத்தில் பார்த்துவிட்டு வந்தவர்கள், அதை மறக்கவும் முடியாமல் அழைத்துவரவும் துணியாமல் வாரக்கணக்கில் தடுமாறுவதுண்டு. அந்தத் தடுமாற்றத்தின்போது வீட்டில் நான்கு யோசனைகள் எழும். அந்த நாயையே உடனே தத்தெடுத்துவிடலாம் என்பார் ஒருவர். சில வாரம் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்பார் இன்னொருவர். வளர்ந்த நாய் எதற்கு, அதே காப்பகத்தில் நாட்டு நாய்க் குட்டி ஒன்றை எடுத்தால் நம் கைக்குள் வளருமே என்பது மூன்றாவது யோசனை. பெரிய நாய்தான் வேண்டுமென்றால் லாப்ரடாரோ ராஜபாளையமோ குட்டியாகவே விலைக்கு வாங்கிவிடலாம் என்பது நான்காவது. சென்னை போன்ற நகரத்தில் வாழும் ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்து இந்த நான்கையும் இங்கே எடைபோட்டுப் பார்க்கலாம்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாய் கூச்சப்படுகிறது என்பது மட்டும் அதை மறுக்கக் காரணம் ஆகாது. அது பெரியது என்பதும் ஆகாது. இரண்டும் ஒரே உடம்பில் சேரும்போதுதான் கணக்கு மாறுகிறது. மிரண்ட சிறிய நாய் படிக்கட்டில் படுத்துவிட்டால் தூக்கிக்கொண்டு போய்விடலாம்; 35 கிலோ நாய் படுத்துவிட்டால் அது எழும்வரை நீங்களும் அங்கேதான் நிற்க வேண்டும். சிறிய நாய் பட்டாசுச் சத்தத்தில் திமிறினால் கயிற்றைப் பிடித்து நிறுத்திவிடலாம். பெரிய நாய் திமிறினால் பிடித்திருப்பவரையும் சேர்த்துச் சாலைக்கு இழுத்துவிடும். ஆகவே இந்த முடிவில் நாயின் குணத்தைக் காட்டிலும் அதிகமாக ஆராய வேண்டியவை, உங்கள் வீட்டின் அமைப்பும், முதல் மூன்று மாதம் அந்த வீட்டில் யார் இருக்கப்போகிறார்கள் என்பதும்தான்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், நாயை நகர்த்த முடியுமா என்பது. வீடு எந்த மாடியில் இருக்கிறது, லிஃப்ட் உண்டா, லிஃப்டுக்குள் நுழைய மறுத்தால் படியில் இறக்க முடியுமா, மயங்கியோ காலில் அடிபட்டோ கிடக்கும் 35 கிலோ உடலைப் போர்வையில் கிடத்தித் தூக்க வீட்டில் இரண்டு பேர் எப்போதும் இருப்பார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஆட்டோ ஓட்டுநர்கள் பலர் பெரிய நாயை ஏற்றத் தயங்குவார்கள். எனவே கார் இல்லாத குடும்பம், அழைத்தால் வீட்டுக்கு வரக்கூடிய கால்நடை மருத்துவர் ஒருவரை நாய் வருவதற்கு முன்பே தேடி வைத்திருப்பது அவசியம்.

இரண்டாவது, வாசல். மிரண்ட நாய் தப்பி ஓடுவதற்கு ஒரு கதவு அரை நிமிடம் திறந்திருந்தால் போதும். தண்ணீர் கேன் போடுபவர், கூரியர் கொண்டுவருபவர், பால் பாக்கெட் வைப்பவர் என்று நாள் முழுவதும் கதவு திறந்து மூடும் வீட்டில், தெருவுக்கும் நாய்க்கும் இடையே ஒரு கதவு மட்டும் இருப்பது போதாது. வராந்தா கிரில், மதில் கேட், அறைக்கதவு என எதுவாயினும் இரண்டாவது தடுப்பு ஒன்று வேண்டும்.

மூன்றாவது, வீட்டில் இருப்பவர்களும் வந்து போகிறவர்களும். ஆறேழு வயதுக் குழந்தைகள் ஓடியாடும் வீடும், ஓய்வுபெற்ற இருவர் மட்டும் அமைதியாக வாழும் வீடும் மிரண்ட நாய்க்கு வெவ்வேறு உலகங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் கருத்தைக் கேட்காமலே பலர் பெரிய நாயைக் கொண்டுவந்துவிடுகிறார்கள்; துடைப்பத்தைக் கண்டு உறுமும் நாயோடு தினமும் ஒரு மணி நேரம் தனியாக இருக்கப்போகிறவர் அவர்தான் என்பதால், அவருடைய சம்மதமும் இதில் உண்மையான நிபந்தனையே.

நான்காவது, ஊருக்குப் போகும் நாட்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சொந்த ஊர் போகும் குடும்பம், அந்த நாட்களில் நாய் எங்கே இருக்கும் என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும். ரயிலில் நாயை அழைத்துச்செல்ல முதல் வகுப்பில் முழு அறையையோ இருவர் அறையையோ நமக்கென்றே பதிவு செய்ய வேண்டும், இல்லையேல் ரயில் கார்டின் பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில் அனுப்ப வேண்டும். மிரண்ட நாயை அந்தக் கூண்டில் அனுப்புவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஐந்தாவது, எடையோடு ஏறும் செலவு. 30 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,400 கிலோகலோரி தேவைப்படும். அது உலர் தீவனமாக 400 கிராம், மாதத்துக்கு 12 கிலோ. உண்ணி மாத்திரை, பூச்சி மருந்து, மயக்க மருந்து, நுண்ணுயிர்க்கொல்லி எல்லாமே எடைக்கேற்ற அளவில் தரப்படுவதால், 10 கிலோ நாய்க்கும் 35 கிலோ நாய்க்கும் ஒரே நோய்க்கான மருந்துச் செலவு ஒன்றாக இருக்காது. காப்பகத்தில் வாங்கும் தத்தெடுப்புக் கட்டணம் இந்தக் கணக்கில் மிகச் சிறிய வரி.

சட்ட விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி குடியிருப்போர் சங்கம் வளர்ப்பு நாயை முற்றாகத் தடை செய்ய முடியாது, லிஃப்ட் பயன்பாட்டையும் மறுக்க முடியாது. ஆனால் வாடகை வீட்டில் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்வதே அறிவுடைமை. சென்னையில் மாநகராட்சி உரிமமும், அதற்கான வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் வேண்டும். 2024 மே மாதத்தில் நுங்கம்பாக்கம் பகுதிப் பூங்கா ஒன்றில் ராட்வீலர் இன நாய்கள் இரண்டு ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்த பிறகு பெரிய நாய்களின் மீதான கண்காணிப்பு கூடியிருக்கிறது. நீங்கள் பார்த்து வந்தது ராட்வீலராகவோ அதன் கலப்பாகவோ இருந்தால், இப்போது உரிமம் தருகிறார்களா என்பதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னதாக மாநகராட்சியில் கேட்டறியுங்கள்.

## கூச்சம் எங்கிருந்து வந்தது?

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் இந்த ஒரு கேள்வியில் சற்று நின்றாக வேண்டும், ஏனென்றால் விடை இதைப் பொறுத்தே மாறும். சென்னையில் 1959-இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா போன்ற பெரிய காப்பகமானாலும் சரி, புறநகரில் நாலைந்து தன்னார்வலர்கள் நடத்தும் சிறிய கொட்டிலானாலும் சரி, அங்கே சுருண்டு கிடக்கும் பெரிய நாய்கள் எல்லாம் ஒரே காரணத்தால் சுருண்டு கிடப்பதில்லை.

வீட்டை இழந்த நாய் ஒரு வகை. குட்டியாக இருந்தபோது கொஞ்சப்பட்டு, வளர்ந்து சோறு அதிகம் தின்னத் தொடங்கியதும், அல்லது குடும்பம் வெளிநாடு போனதும், அல்லது தோல் நோய் வந்ததும் சாலையோரத்தில் இறக்கிவிடப்பட்ட லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போன்றவை இவ்வகையில் அடங்கும். காப்பகத்தின் இரைச்சலில் இவை உறைந்து போயிருக்கும். ஆனால் வீடு என்றால் என்ன என்பது இவற்றுக்குத் தெரியும். மின்விசிறியும் சோபாவும் குக்கர் விசிலும் பழக்கமானவை. பொதுவாக மிக விரைவில் மீள்வது இந்த வகைதான்.

இனப்பெருக்கக் கூண்டிலிருந்து வந்த பெண் நாய் இரண்டாவது வகை. தொங்கிய மடியும், சிமெண்ட் தரையில் படுத்துப் படுத்து முழங்கையில் காய்த்துப்போன தோலும் இதை அடையாளம் காட்டும். குட்டி போடுவதற்காகவே அடைத்து வைக்கப்பட்டிருந்த இந்த நாய் படிக்கட்டைக் கண்டதில்லை. வழவழப்பான டைல்ஸ் தரையில் கால் வழுக்கும்போது அங்கேயே நின்றுவிடும். சுழலும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்து நடுங்கும். இதற்கு வாரக் கணக்கு போதாது, மாதக் கணக்கு வேண்டும்.

மூன்றாவது, குட்டியிலிருந்தே கொட்டிலில் வளர்ந்த நாய். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரையிலான காலத்தில் பார்த்த மனிதர்களையும் ஒலிகளையும் பொருட்களையும்தான் நாய் இயல்பானவை என்று ஏற்றுக்கொள்கிறது. அந்தக் காலத்தை நான்கு சுவருக்குள் கழித்த நாய் எவ்வளவு அன்பு காட்டினாலும் முற்றிலும் அச்சமற்றதாக மாறும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வீட்டிலுள்ள நால்வரோடு குழைந்து பழகி, ஐந்தாமவர் வந்தால் கட்டிலுக்கடியில் போகும் நாயாக அது வாழ்நாள் முழுவதும் இருக்கலாம். அப்படி ஒரு நாயோடு வாழ்வது துன்பம் அல்ல. ஆனால் அது விருந்தினரிடம் காட்டி மகிழும் நாய் ஆகாது.

நான்காவது வகை உண்மையில் கூச்சமே அல்ல. உண்ணிக் காய்ச்சலால் இரத்தத் தட்டணுக்கள் குறைந்த நாய் ஓரமாகத்தான் படுத்திருக்கும். இடுப்பு மூட்டு வலிக்கும் ஜெர்மன் ஷெப்பர்ட், எழச் சொல்லி அருகே வருபவரைக் கண்டு பின்வாங்கத்தான் செய்யும். வெள்ளை ராஜபாளையங்களில் பிறவிச் செவிடு உண்டு என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. காது கேளாத நாயின் பின்னால் திடீரென்று போய் நின்றால் அது திடுக்கிட்டுத் துள்ளும், அதைப் பார்த்து மிரளும் நாய் என்று எழுதிவிடுவார்கள். நாய் வேறு பக்கம் பார்த்திருக்கும்போது தொலைவிலிருந்து கைதட்டிக் காது அசைகிறதா என்று பார்ப்பதற்குச் செலவில்லை. இரத்தப் பரிசோதனையும் மூட்டு எக்ஸ்ரேயும் வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் தனியார் இடங்களைவிடக் குறைந்த செலவில் செய்துகொள்ளலாம். இவற்றை முடிக்காமல் எந்தப் பெரிய நாயின் குணத்தைப் பற்றியும் முடிவுக்கு வருவது அவசரம் என்றே நினைக்கிறேன்.

இதோடு சேர்த்து ஓர் எச்சரிக்கை. தொட்டால் அசையாமல் நிற்கும் நாயைச் 'சாது' என்று சொல்லித் தருவார்கள். அசையாமல் நிற்பது அமைதியாலும் இருக்கலாம், உறைந்து போனதாலும் இருக்கலாம். கண்ணின் வெள்ளை தெரிய ஓரப் பார்வை பார்ப்பது, பசியின்றியே உதட்டை நக்குவது, தூக்கமின்றிக் கொட்டாவி விடுவது, வாலை வயிற்றோடு ஒட்டிக்கொள்வது ஆகியவை உறைந்த நாயின் அடையாளங்கள். அத்தகைய நாய்க்கு வீட்டில் இரண்டு மூன்று வாரம் கழித்துத் தைரியம் வந்த பிறகுதான் அதன் உண்மைக் குரல் கேட்கும். அந்தக் குரல் குரைப்பாகவும் இருக்கலாம், சோற்றுத் தட்டருகே உறுமலாகவும் இருக்கலாம்.

## முதல் வழி: அந்த நாயையே நேரடியாகத் தத்தெடுப்பது

இதன் முதல் நன்மை நாய்க்கு ஒரே ஒரு மாற்றம்தான் என்பது. மிரண்ட நாய்க்கு இடம் மாறுவதே பெருந்துன்பம். ஒருமுறை மாறி, அங்கேயே வேரூன்ற விடுவது அதற்குச் செய்யும் உபகாரம். உங்களுக்கும் நன்மை உண்டு. வளர்ந்த நாய் என்பதால் இனி எவ்வளவு பெரிதாகும் என்ற ஐயமில்லை. பல காப்பகங்கள் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டே தருகின்றன. செருப்பையும் சோபாவையும் கடித்துக் குதறும் பருவமும் பெரும்பாலும் கடந்திருக்கும்.

மறைந்திருக்கும் செலவு பணத்தைவிட நேரத்தில்தான் அதிகம். முதல் மூன்று நாள் திகைப்பு, மூன்று வாரத்தில் வீட்டின் ஒழுங்கு பிடிபடுவது, மூன்று மாதத்தில் தன் வீடு என்ற எண்ணம் வருவது என்று காப்பகத்தார் சொல்வது ஒரு தோராயக் கணக்கு. மிகவும் மிரண்ட நாய்க்கு இதைத் தாராளமாக இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம். முதல் நாள் முழுவதும் சிறுநீரே கழிக்காமல் குளியலறை மூலையில் கிடக்கலாம். நள்ளிரவில் எல்லோரும் உறங்கிய பிறகே சாப்பிடலாம். தரை முழுக்கப் பாயோ கோணியோ ரப்பர் விரிப்போ போட்டுப் பாதை அமைத்தால்தான் அறையைக் கடக்கும் நாய்களும் உண்டு. இந்த நாட்களில் வீட்டில் ஒருவர், பேசாமல், நாயை உற்றுப் பார்க்காமல், தன் வேலையைச் செய்துகொண்டு இருக்க வேண்டும். விடுப்பு எடுக்க முடியாதவர்களுக்கும், வீட்டிலிருந்து வேலை செய்ய வாய்ப்பில்லாதவர்களுக்கும் இந்த வழி கடினம்.

நடைக்கான பொருட்களில் சிக்கனம் கூடாது. பயத்தில் பின்னோக்கி இழுக்கும் நாயின் தலை சாதாரணக் கழுத்துப்பட்டையிலிருந்து எளிதாக உருவிக்கொள்ளும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்குக் கழுத்தைவிடத் தலை அதிகம் பருத்திராததால் இது இன்னும் எளிது. இழுத்தால் ஓரளவு இறுகும் மார்டிங்கேல் பட்டை ஒன்றும், மார்பைச் சுற்றிய ஹார்னஸ் ஒன்றும் அணிவித்து, இரண்டிலும் தனித்தனிக் கயிறு மாட்டுவதே பாதுகாப்பு. நம் தெருக்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது: ஒவ்வொரு தெருமுனையும் அங்குள்ள தெரு நாய்களின் எல்லை. புதிதாக வந்த பெரிய நாயை அவை சூழ்ந்துகொண்டு குரைக்கும்போது, அது நகரவும் மாட்டாமல் தூக்கவும் முடியாமல் நடுவில் நிற்பதுதான் இந்த வழியைத் தேர்ந்தவர்கள் சந்திக்கும் மிகக் கடினமான தருணம். முதல் சில வாரங்களுக்கு நடையே வேண்டாம் என்று வைத்து, மொட்டைமாடியையோ தோட்டத்தையோ பயன்படுத்த முடிகிற வீட்டுக்கு இந்தச் சங்கடம் வராது.

மதிலும் இரட்டைக் கதவும் உள்ள தனிவீடு, தரைத்தளம், பகலில் எப்போதும் ஒரு பெரியவர், ஏற்கெனவே தைரியமான நட்பான நாய் ஒன்று ஆகியவை சேர்ந்திருந்தால் இந்த வழியே சிறந்தது. அதிலும் அந்தக் கடைசி நிபந்தனை பெரிய உதவி. மனிதரை நம்பாத நாயும், மனிதரை நம்பும் இன்னொரு நாயைப் பார்த்துப் பார்த்து நெருங்கி வரும். நாம் மாதக்கணக்கில் கற்பிப்பதை ஒரு பழைய வீட்டு நாய் சில வாரத்தில் கற்பித்துவிடுவதுண்டு.

## இரண்டாம் வழி: அதே நாயைத் தற்காலிகமாக வைத்துப் பார்ப்பது

ஃபாஸ்டர் என்று தன்னார்வலர்கள் சொல்லும் இந்த ஏற்பாட்டில், நாய் காப்பகத்தின் பொறுப்பிலேயே இருக்கும். நீங்கள் நாலு முதல் எட்டு வாரம் வீட்டில் வைத்திருப்பீர்கள். மருத்துவச் செலவைச் சில காப்பகங்கள் ஏற்கும், சில ஏற்காது. எது என்பதை முதல் பேச்சிலேயே கேட்டுவிட வேண்டும்.

உறைந்த நாயின் உண்மைக் குணம் இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகே தெரியும் என்று மேலே சொன்னதுதான் இந்த வழியின் நியாயம். கொட்டிலில் பார்த்த அரை மணி நேரத்தை நம்பிப் பத்தாண்டு முடிவு எடுப்பதைவிட, உங்கள் டைல்ஸ் தரையிலும் உங்கள் குழந்தைகளின் கூச்சலிலும் அந்த நாய் எப்படி இருக்கிறது என்று பார்த்து எடுக்கும் முடிவு வலுவானது. காப்பகத்துக்கும் இதில் இழப்பில்லை. ஒருவேளை நீங்கள் வேண்டாமென்று முடிவெடுத்தாலும், இந்த நாய் குழந்தைகளோடு பழகுமா, பூனையைத் துரத்துமா, தனியே விட்டால் ஊளையிடுமா என்ற விவரங்களுடன் அடுத்த குடும்பத்திடம் பேசலாம்.

குறை என்னவென்றால், திரும்பிப் போகும் நாய்க்கு அது இன்னொரு இழப்பு. இந்தக் காரணத்துக்காகவே தற்காலிகப் பராமரிப்பைக் குற்றமாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் அவர்களோடு உடன்படவில்லை. மனமின்றி வைத்திருந்து, ஆறு மாதம் கழித்து மொட்டைமாடியில் கட்டிப்போடப்படும் நாயின் நிலையைவிட, இரண்டு மாதம் வீட்டில் வாழ்ந்து, கொஞ்சம் தேறி, முறையாகக் காப்பகம் திரும்பும் நாயின் நிலை மேலானது. உண்மையான ஆபத்து வேறொன்று: 'தற்காலிகம்தானே' என்று வாசலுக்கு இரண்டாவது தடுப்புப் போடாமலும், அடையாள எண் கொண்ட மைக்ரோசிப்பைத் தோலுக்கடியில் பதிக்காமலும், பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள வில்லை கட்டாமலும் இருந்துவிடுவார்கள். நாய் தப்பி ஓடும் ஆபத்து முதல் வாரங்களில்தான் மிக அதிகம். தற்காலிகம் என்றாலும் ஏற்பாடுகள் முழுமையாக இருக்க வேண்டும்.

காலத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இந்த வழியில் உண்டு, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் மிரண்ட நாயைப் புது வீட்டுக்கு அழைத்து வருவது அதற்கும் உங்களுக்கும் தண்டனை. அதைத் தொடர்ந்து வடகிழக்குப் பருவமழையின் இடி, பிறகு போகி மேளம். பொங்கல் கழிந்த பிறகு, கோடை உச்சத்துக்கு முன்புள்ள வாரங்களே சென்னையில் ஓரளவு அமைதியானவை. தேர்தல் ஆண்டாக இருந்தால் அந்த அமைதிக்கும் உத்தரவாதமில்லை. இடி, வெடிக்கு மிகவும் நடுங்கும் நாய்க்கு மருத்துவர் எழுதித் தரும் பதற்றத் தணிப்பு மருந்துகள் உண்டு. மருந்து கொடுப்பது தோல்வி என்று எண்ணித் தயங்க வேண்டாம். அதே சமயம் வீட்டிலுள்ளவர் உட்கொள்ளும் தூக்க மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்கும் பழக்கம் உயிருக்கே ஆபத்து.

## மூன்றாம் வழி: காப்பகத்தின் நாட்டு நாய்க் குட்டி

பெரிய நாய் என்பது ஆசைதான், தேவையில்லை என்று உணரும் குடும்பத்துக்கு இது நல்ல மாற்று. நம் நாட்டு நாய்கள் வளர்ந்தாலும் பெரும்பாலும் 15 முதல் 20 கிலோ அளவில் நிற்கும், ஒருவரே தூக்கிவிடலாம். இந்த வெயிலுக்கு ஏற்ற மேல்முடி, குறைந்த பராமரிப்பு, பெரிய இனங்களைத் தொல்லைப்படுத்தும் மூட்டுக் கோளாறுகள் குறைவு. இரண்டு மாதக் குட்டியை எடுத்தால், பழக்குவதற்குரிய வாரங்களில் பாதியாவது உங்கள் கையில் இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு இங்கே நோயும் உறக்கமும். தடுப்பூசி போடாத தாய்க்குத் தெருவில் பிறந்த குட்டிகளுக்குப் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற கொடிய வைரஸ் நோய்கள் எந்நேரமும் வரலாம். பார்வோ வந்தால் சில நாட்கள் இரவு பகலாக மருத்துவமனையும் நரம்பு வழி ஏற்றும் மருந்துமாக அலைந்தும் குட்டி பிழைக்காமல் போகலாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, 16 வாரம்வரை மூன்று நான்கு வார இடைவெளியில் தடுப்பூசி போட்டு முடிக்கும்வரை அதைத் தெருத் தரையில் விட முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர், முளைக்கும் பல்லுக்குக் கிடைத்ததெல்லாம் கடி, எட்டு மாதத்தில் சொல் பேச்சு கேளாத விடலைப் பருவம் என்று முதல் ஆண்டு முழுவதும் வேலை உண்டு. கணவனும் மனைவியும் காலை எட்டு மணிக்கு வெளியேறி இரவு எட்டு மணிக்குத் திரும்பும் வீட்டுக்கு, மிரண்ட பெரிய நாயைவிடக் குட்டி எளிது என்று நினைப்பது தவறான கணக்கு. அந்த வீட்டுக்கு இரண்டுமே ஏற்றவை அல்ல.

## நான்காம் வழி: பெரிய இனக் குட்டியை விலைக்கு வாங்குவது

இதைச் சொல்லவே கூடாது என்று விலங்கு நல ஆர்வலர்கள் நினைக்கலாம். ஆனால் குழம்பி நிற்கும் குடும்பங்களில் பாதியாவது இதை மனத்தில் வைத்திருக்கும் என்பதால், எடைபோடாமல் விடுவது முறையாகாது. பெற்றோரைப் பார்த்து, அவற்றின் குணத்தையும் மூட்டு எக்ஸ்ரேயையும் அறிந்து, நல்ல வளர்ப்பாளரிடம் வாங்கும் குட்டியைப் பற்றி ஓரளவு முன்கூட்டியே கணிக்க முடியும் என்பது உண்மை.

நடைமுறையில் அப்படிப்பட்ட வளர்ப்பாளர்கள் அரிது. 2017-இன் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் வளர்ப்பாளர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றும், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்றும் சொல்கின்றன. பதிவுச் சான்றைக் காட்டத் தயங்குபவரிடமும், தாய் நாயைப் பார்க்க விடாதவரிடமும் வாங்காதீர்கள். மேலே சொன்ன காய்த்த முழங்கையுடைய பெண் நாய்கள் உருவாவது அத்தகைய கூண்டுகளில்தான். குட்டியிலிருந்து வளர்த்தால் பயமே இருக்காது என்ற நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை. அச்ச சுபாவம் பெற்றோரிடமிருந்தும் வரும்; தாய் நாய் உங்களைக் கண்டு மூலையில் ஒளிந்தால், ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து நீங்கள் வாங்கப்போவதும் மிரளும் நாயாக இருக்கலாம், அதுவும் இரண்டு ஆண்டில் 35 கிலோவாக வளர்ந்து நிற்கும்.

## நான்கும் ஒரே பார்வையில்

| அளவுகோல் | நேரடித் தத்து | தற்காலிகப் பராமரிப்பு | நாட்டு நாய்க் குட்டி | விலைக்கு வாங்கும் பெரிய குட்டி |
|---|---|---|---|---|
| தூக்கி நகர்த்துவது | இருவர் தேவை | இருவர் தேவை | ஒருவர் போதும் | ஓராண்டுக்குப் பின் இருவர் |
| வாசலில் இரண்டாவது தடுப்பு | கட்டாயம் | கட்டாயம் | நல்லது | நல்லது |
| வீட்டில் ஆள் இருக்க வேண்டிய காலம் | மூன்று முதல் ஆறு மாதம் | நாலு முதல் எட்டு வாரம், பிறகு முடிவுக்கேற்ப | ஏறத்தாழ ஓராண்டு | ஏறத்தாழ ஓராண்டு |
| குணம் முன்பே தெரிவது | பாதி | பெரும்பாலும் | இல்லை | பெற்றோரைப் பார்த்தால் ஓரளவு |
| ஊருக்குப் போனால் | தெரிந்தவர் நம் வீட்டுக்கே வந்து தங்க வேண்டும் | காப்பகம் உதவலாம் | விடுதியில் விடலாம் | விடுதியில் விடலாம் |
| கவனிக்காமல் விடப்படும் செலவு | போக்குவரத்து, வீட்டுக்கு வரும் மருத்துவர், எடைக்கேற்ற மருந்து | தரை விரிப்பு, கதவு வேலை | பார்வோ, சேதம் | வாங்கும் விலை, மூட்டுக் கோளாறு |

நாய் விடுதி பற்றிய வரிக்கு ஒரு விளக்கம் தேவை. மிரண்ட நாயை விடுதியில் விட்டால் சில நாய்கள் மூன்று நாள்வரை உண்ணாமல் கிடக்கும். விடுதிக்காரர்கள் சிலர் இத்தகைய நாயை ஏற்பதே இல்லை. ஆகவே நாய்க்குப் பழகிய ஒருவரை வீட்டில் தங்க வைப்பதே வழி. அந்த ஒருவர் உறவிலோ அக்கம்பக்கத்திலோ இருக்கிறாரா என்பதை முதல் பட்டியலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

## எந்த வீட்டுக்கு எது

அடுக்குமாடியில், லிஃப்ட் உள்ள கட்டடத்தில், ஒருவராவது வீட்டிலிருந்து வேலை செய்யும், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இரண்டாம் வழியையே சொல்வேன். சென்னையில் கேள்வியோடு வருபவர்களில் பலர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். தனிவீடும் பழைய நாயும் உள்ளவர்கள் தயங்காமல் முதல் வழிக்கே போகலாம். அதுவும் நாய் வீட்டை இழந்த வகையாக இருந்தால் காத்திருப்பதில் பொருளில்லை.

லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடியில் இருப்பவர்கள், மனம் எவ்வளவு இளகினாலும், இந்தப் பெரிய நாயை எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நாளுக்கு மூன்று முறை படியிறங்க மறுக்கும் நாயோடு போராடும் வாழ்க்கை இருவருக்கும் துன்பம், வயதாகி மூட்டு தளர்ந்த பிறகு அது முடியவே முடியாததாகிவிடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டுக்கும் இதையே சொல்வேன். மிரண்ட நாய் குழந்தையை வெறுப்பதில்லை. ஆனால் தவழ்ந்து வரும் குழந்தை, நாய் ஒளிந்திருக்கும் மூலைக்கே வந்து அதன் தப்பும் வழியை அடைத்துவிடும், அப்போது பெரிய நாயின் ஒரு கடியே பெருங்காயம். தடுப்பூசி போட்ட வீட்டு நாய் கடித்தாலும் சோப்பும் ஓடும் நீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். இத்தகைய வீட்டார் அந்த நாயை மறக்க முடியாமல் தவித்தால், அதன் மாதத் தீவனச் செலவை ஏற்று, வாரந்தோறும் காப்பகத்துக்கே போய் அதன் கொட்டிலருகே அமர்ந்து புத்தகம் படித்துவிட்டு வரலாம். மனிதர் அருகே இருந்தும் எதுவும் நடக்கவில்லை என்ற அனுபவம் அதற்கு வேறொரு வீட்டின் கதவைத் திறக்க உதவும்.

## கையெழுத்திடும் முன்

முதல் வழியோ இரண்டாம் வழியோ, காப்பகத்தோடு எழுத்தில் ஓர் ஒப்பந்தம் இருக்கட்டும். நாயை என்று யார் கொண்டுவந்து விட்டார்கள், இதுவரை கடித்ததுண்டா, கடித்திருந்தால் எந்தச் சூழலில், எந்தத் தடுப்பூசி என்று போடப்பட்டது, உண்ணிக் காய்ச்சலுக்குச் சிகிச்சை நடந்ததா என்ற கேள்விகளுக்கு விடை அதில் வேண்டும். ஒரே நாளில் முடிவெடுக்கச் சொல்லும் காப்பகத்தைவிட, உங்கள் வீட்டைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லும் காப்பகத்தை அதிகம் நம்பலாம். இரண்டாவது சந்திப்புக்குப் போகும்போது வீட்டில் எல்லோரும் போங்கள், நாயைப் பராமரிக்கும் ஊழியரிடம் தனியே பேசுங்கள். நிர்வாகி சொல்லாத பலவற்றை, தினமும் சோறு வைப்பவர் சொல்வார்.

திருப்பி ஒப்படைக்க நேர்ந்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, எந்தக் காப்பகம், யார் பொறுப்பு என்பதும் அந்த ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். வாட்ஸ்ஆப் குழுவில் படம் போட்டு முன்பின் அறியாதவரிடம் நாயைத் தள்ளிவிடுவது, பெரிய இன நாய்களைப் பொறுத்தவரை இனப்பெருக்கக் கூண்டுக்கே திரும்ப அனுப்புவதாக முடியலாம். எனவே கருத்தடை முடியாத பெரிய நாயை எந்தக் காரணத்துக்காகவும் காப்பகத்தைத் தவிர வேறு யாரிடமும் தராதீர்கள். உங்களோடு இருந்த வாரங்களில் அது எதைத் தின்றது, எந்தச் சத்தத்துக்கு நடுங்கியது, யாரிடம் முதலில் வந்தது, எங்கே படுத்தது என்பதைத் தேதியிட்டு எழுதி வைத்து, நாயோடு சேர்த்து அந்தத் தாளையும் ஒப்படையுங்கள்.